இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து நகரங்களில் குழந்தைகளின் தொற்றுநோய்க் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் ஏறத்தாழ 1900 முதல் முதல் உலகப்போர் முடியும் வரையிலான இங்கிலாந்தைப் பற்றியது. நுண்ணுயிரிகளே தொற்றுநோய்களுக்குக் காரணம் என்பது ஏற்கப்பட்டுவிட்ட, ஆனால் பென்சிலினும் பெரும்பாலான தடுப்பூசிகளும் இன்னும் வராத காலம் அது. கையில் மருந்து மிகக் குறைவாக இருந்த ஓர் உள்ளாட்சி அமைப்பு என்ன செய்தது, அதில் எது பயன் தந்தது, எது தரவில்லை என்பதே இங்குள்ள கேள்விகளின் மையம்.

நகர்ப்புற மாவட்டம் என்று சொல்லப்படுவது எந்த அளவுள்ள ஊர்? நோய்த்தடுப்புக்கு அங்கே யார் பொறுப்பு?

1894-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இங்கிலாந்தின் நிர்வாகக் கவுண்டிகளுக்குள் நகர்ப்புற மாவட்டங்கள், கிராமப்புற மாவட்டங்கள் என இரு வகை அமைப்புகளை உருவாக்கியது. மாவட்டம் என்றதும் நம் ஆட்சியர் மாவட்டத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது நகராட்சி அளவிலான ஓர் அமைப்பு. சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர்களும் இந்த வகையில் இருந்தன. லண்டனை ஒட்டி வேகமாக வளர்ந்து, 1901 கணக்கெடுப்பிலேயே ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்ட வில்ஸ்டன் போன்ற பேரூர்களும் இருந்தன.

ஒவ்வொரு மாவட்டமும் ஒரு சுகாதார அதிகாரியை நியமித்தாக வேண்டும். அவர் மருத்துவராக இருக்க வேண்டும். 50,000 பேருக்கு மேல் வாழும் மாவட்டமாக இருந்தால், பொதுச் சுகாதாரத்தில் தனிப் பட்டயமோ அதற்கு இணையான தகுதியோ பெற்றிருக்க வேண்டும் என்று 1888-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. சிறிய ஊர்களில் இந்த அதிகாரி பகுதிநேரப் பணியாளர். காலையில் தம் சொந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் நகர மன்றத்துக்கு அறிக்கை எழுதுவார். அவருக்குக் கீழே சுகாதார ஆய்வாளர்கள் சாக்கடை, கழிப்பறை, மாட்டுத்தொழுவம், இறைச்சிக்கடை என்று தெருத்தெருவாகச் சுற்றினார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. சுகாதார அதிகாரியை நியமிப்பதும் மீண்டும் அமர்த்துவதும் பெரும்பாலும் நகர மன்றத்தின் கையில் இருந்தன. மன்ற உறுப்பினர்களிலோ வீடுகளை வாடகைக்கு விட்டவர்களும் கடைக்காரர்களும் கணிசமாக இருந்தார்கள். குடியிருக்கத் தகாத வீடு என்று அதிகாரி எழுதும் அறிக்கை, அவரது பதவியை முடிவு செய்யும் ஒருவரின் சொத்தைப் பற்றியதாகவே இருக்கக்கூடும். இப்பதவிக்கு உறுதியான பாதுகாப்பு 1921-இல்தான் சட்டமாக வந்தது. பல ஆண்டறிக்கைகளில் தென்படும் அந்த மெல்லிய, சுற்றிவளைத்த நடைக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

அக்காலத்தில் குழந்தைகளை அதிகம் பலிகொண்ட தொற்றுநோய்கள் எவை?

மக்கள் மிகவும் அஞ்சிய நோய்களும் மிகுதியாக உயிர்பறித்த நோய்களும் வேறுவேறு. பெரியம்மை, செங்காய்ச்சல் (தொண்டைப்புண்ணோடு உடல் சிவந்து, பின் தோல் உரியும் ஸ்கார்லெட் காய்ச்சல்), தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) ஆகிய பெயர்களைக் கேட்டால் தெருவே கலங்கும். ஆனால் 1900-களின் முதல் பத்தாண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தட்டம்மையும் கக்குவான் இருமலும் சேர்ந்து கொன்ற குழந்தைகள், செங்காய்ச்சலும் தொண்டை அடைப்பானும் சேர்ந்து கொன்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம். தட்டம்மையால் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். இவற்றோடு ஒவ்வொரு கோடையிலும் கைக்குழந்தைகளை வாரிக்கொண்டுபோன வயிற்றுப்போக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த முரண்பாடு மனத்தில் இருந்தால்தான் கீழே வரும் பதில்கள் விளங்கும். மாவட்டத்தின் சட்டமும் பணமும் கட்டடங்களும் ஒரு வகை நோய்களுக்காக அமைந்திருந்தன. பெரிய எண்ணிக்கையிலான சாவுகள் வேறு வகை நோய்களில் நிகழ்ந்தன.

நோய் அறிவிப்புச் சட்டம் எப்படிச் செயல்பட்டது?

1889-இல் இயற்றப்பட்ட தொற்றுநோய் அறிவிப்புச் சட்டம் லண்டனில் உடனே கட்டாயமாயிற்று. மற்ற இடங்களில் நகர மன்றம் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம் என்றிருந்து, 1899-இல் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்டது. பெரியம்மை, காலரா, தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல், டைஃபஸ், டைஃபாய்டு, தோல் சிவந்து வீங்கும் எரிசிபெலஸ், பிரசவக் காய்ச்சல் முதலியவை அதன் பட்டியலில் இருந்தன. நோயை இனங்கண்டதும் மருத்துவர் சான்றிதழ் ஒன்றை நிரப்பிச் சுகாதார அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தம் சொந்தத் தொழிலில் பார்த்த நோயாளி என்றால் மருத்துவருக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். பொது நிறுவனத்தின் மருத்துவராக அவர் பார்த்த நோயாளி என்றால் ஒரு ஷில்லிங். அனுப்பத் தவறினால் நாற்பது ஷில்லிங் வரை அபராதம். வீட்டுத் தலைவருக்கும் தகவல் தரும் கடமை இருந்தது.

கட்டணம் கொடுத்துத் தகவல் வாங்கும் இந்த ஏற்பாட்டைச் சிலர் கேலி செய்தார்கள். இருந்தாலும் இதனால்தான் முதன்முறையாக ஓர் ஊரின் நோய்வரைபடம் கைக்கு வந்தது. அதுவரை இறந்தவர்களின் கணக்கு மட்டுமே இருந்தது. இப்போது நோயுற்றவர்களின் கணக்கும், அவர்கள் எந்தத் தெரு, எந்தப் பள்ளி, எந்தப் பால்காரர் என்ற விவரமும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன.

சான்றிதழ் வந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது?

அன்றோ மறுநாளோ ஆய்வாளர் வீட்டுக்கு வருவார். கையில் அச்சிட்ட படிவம். வீட்டில் எத்தனை அறைகள், எத்தனை பேர், குழந்தைகளின் வயது, அவர்கள் படிக்கும் பள்ளியும் வகுப்பும், ஞாயிறு பள்ளி, பால் வாங்கும் இடம், நூலகப் புத்தகம் ஏதும் வீட்டில் உள்ளதா, துணி வெளுக்கப் போகிறதா, பெற்றோரில் யாராவது உணவு விற்கும் தொழிலில் அல்லது தையல் வேலையில் இருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்வார். கேள்விகள் முடிந்ததும் கொல்லைக்குப் போய்ச் சாக்கடைக் குழாயையும் கழிப்பறையையும் பார்ப்பார். சாக்கடைக் காற்றே தொண்டை நோயைத் தரும் என்ற பழைய நம்பிக்கை 1900-இலும் முழுதாக மறையவில்லை; ஒரு செங்காய்ச்சல் வழக்கின் பதிவில் குழாய்க் கசிவும் கவனமாகக் குறிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம்.

அதன் பின் பள்ளித் தலைமையாசிரியருக்குச் சீட்டுப் போகும்: இந்த வீட்டின் நோயுற்ற குழந்தையும், நலமாக உள்ள உடன்பிறந்தவர்களும் மறு அறிவிப்பு வரை வரக் கூடாது. நூலகருக்கும் ஒரு சீட்டு. தொற்று உள்ளவர் பொது நூலகப் புத்தகத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பிரிவு 1907-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரத் திருத்தச் சட்டத்தில் இடம்பெற்றது. அதை ஏற்ற மாவட்டங்களில் அத்தகைய புத்தகங்களைக் கிருமிநீக்கம் செய்தார்கள், இல்லாவிட்டால் எரித்தார்கள். காகிதத்தின் வழியே நோய் பரவியதற்கான சான்று மிகக் குறைவு. ஆனாலும் நூலகம் நடத்துவோருக்கும் வாசகருக்கும் அந்த அச்சம் நீங்கவே இல்லை.

கடைசியாக, குழந்தையை வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடியுமா என்ற முடிவு. தனி அறையும் தனியே கவனிக்க ஒருவரும் இருந்தால் வீட்டிலேயே விடுவார்கள். இரண்டே அறைகளில் ஏழெட்டுப் பேர் வாழும் குடும்பத்தில் அதற்கு வழியேது?

பெற்றோரைக் கட்டாயப்படுத்த முடிந்ததா?

ஓரளவு முடிந்தது. உரிய தங்குமிடம் இல்லாத நோயாளியை மருத்துவமனைக்கு அகற்ற நீதிபதியிடம் ஆணை பெறலாம் என்று 1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இடம் தந்தது. தொற்று உள்ளவரைத் தெருவிலோ கடையிலோ பொது வண்டியிலோ நடமாட விட்டால் ஐந்து பவுண்டு வரை அபராதம் உண்டு. ஆனால் எங்கும் காவலரை அனுப்பிக் குழந்தையைத் தூக்கிவர முடியாது. நல்ல அதிகாரிகள் பேசித்தான் இணங்க வைத்தார்கள். பெற்றோர் மறைத்ததற்கும் நியாயம் இருந்தது. வீட்டில் செங்காய்ச்சல் என்று தெரிந்தால் அம்மாவுக்கு வரும் சலவை வேலையும் தையல் வேலையும் நின்றுவிடும். அந்த இழப்புக்கு ஈடு தரப் பெரும்பாலான மன்றங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

தனிமைக் காய்ச்சல் மருத்துவமனைகள் எப்படி இருந்தன?

ஊருக்கு வெளியே, மதிலால் சூழப்பட்ட தாழ்வான செங்கல் கட்டடங்கள். ஒவ்வொரு நோய்க்கும் தனிக் கூடம். ஆயிரம் பேருக்கு ஒரு படுக்கை என்பது வழக்கமான கணக்கு. ஒவ்வொரு படுக்கைக்கும் 144 சதுர அடித் தரையும் 2,000 கன அடிக் காற்றும் வேண்டும், நோயாளிக் கட்டடத்துக்கும் எல்லைச் சுவருக்கும் இடையே 40 அடி இடைவெளி வேண்டும் என்று உள்ளாட்சிகளை மேற்பார்த்த மத்திய அரசுத் துறையான உள்ளாட்சி வாரியம் வரையறுத்திருந்தது. லண்டன் மாநகருக்கு மட்டும் பெருநகரப் புகலிட வாரியம் என்ற தனி அமைப்பு பெரும் காய்ச்சல் மருத்துவமனைகளை நடத்தியது; அதன் எல்லைக்கு வெளியே இருந்த மாவட்டங்கள் தனியாகவோ கூட்டாகவோ கட்டிக்கொண்டன.

மூடிய குதிரை வண்டியில் செவிலியர் ஒருவர் வந்து குழந்தையைப் போர்வையில் சுற்றி எடுத்துச் செல்வார். செங்காய்ச்சல் என்றால் ஆறு வாரம், பல நேரங்களில் அதற்கும் மேல். உரியும் தோலின் வழியேதான் தொற்று பரவுகிறது என்று அன்றைய மருத்துவர்கள் நம்பியதால், கடைசியாக உரியும் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். பெற்றோர் உள்ளே வர முடியாது. நிலைமை மிக மோசமான குழந்தைகளின் பெற்றோருக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் சன்னலுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பல ஊர்களில் உள்ளூர்ச் செய்தித்தாள், பெயரில்லாமல் நோயாளி எண்களை மட்டும் போட்டு, யார் தேறுகிறார், யார் கவலைக்கிடம் என்று வெளியிட்டது. கொண்டுபோன பொம்மையைத் திருப்பித் தர மாட்டார்கள்.

அப்படித் தனிமைப்படுத்தியதால் செங்காய்ச்சல் குறைந்ததா?

அன்றே சூடான விவாதம் நடந்த கேள்வி இது. செங்காய்ச்சல் சாவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்தே வேகமாகக் குறைந்துவந்தன. மருத்துவமனை கட்டிய ஊர்களிலும் குறைந்தன, கட்டாத ஊர்களிலும் குறைந்தன. லெஸ்டரின் சுகாதார அதிகாரியாக 1901-இல் பொறுப்பேற்ற கில்லிக் மில்லர்ட், செங்காய்ச்சலுக்கு மருத்துவமனைத் தனிமை உண்மையில் பரவலைக் குறைக்கிறதா என்று வெளிப்படையாகவே ஐயம் எழுப்பினார். லேசாக வந்து யார் கண்ணிலும் படாமல் போகும் நோயாளிகள் பலர். சான்றிதழ் வருவதற்குள் உடன்பிறந்தவர்களுக்குத் தொற்றிவிடுகிறது. இது போதாதென்று, ஆறு வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து திரும்பிய குழந்தையிடமிருந்தே வீட்டில் மற்றொரு குழந்தைக்கு நோய் வந்த நிகழ்வுகளும் தொடர்ந்தன. அதிகாரிகள் இவற்றைத் தனித் தலைப்பில் எண்ணினார்கள். தோலை விட்டு மூக்கையும் தொண்டையையும் பார்த்திருந்தால் காரணம் விளங்கியிருக்கும்; ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியே இந்நோய்க்குக் காரணம் என்று அமெரிக்காவின் டிக் தம்பதியர் நிறுவியது 1920-களில்தான்.

எனவே நோயின் கடுமை தானாகத் தணிந்ததுதான் பெரும் காரணம் என்பதே இன்று பரவலான கருத்து. மருத்துவமனையால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நெரிசலான வீட்டில் கிடந்த குழந்தைக்குப் படுக்கையும் பாலும் பயிற்சி பெற்ற செவிலியரும் கிடைத்தனர். சிறுநீரகமும் காதும் கெடாமல் காத்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஊரைக் காப்பதாகச் சொல்லிக் கட்டிய கட்டடம், உள்ளே படுத்திருந்தவரைக் காத்தது.

கந்தகப் புகை போடுவதால் பயன் இருந்ததா?

மிகக் குறைவு. நோயாளி போனதும் ஆட்கள் வந்து சன்னல் இடுக்கு, சாவித் துவாரம், புகைபோக்கி எல்லாவற்றிலும் காகிதப் பட்டை ஒட்டி அடைப்பார்கள். கந்தகத்தைக் கொளுத்துவார்கள், பிற்காலத்தில் ஃபார்மலின் தெளித்தார்கள். மெத்தையும் கம்பளியும் மாவட்டத்தின் நீராவிக் கிருமிநீக்கக் கூடத்துக்கு வண்டியில் போகும். சுவர்க்காகிதத்தை உரித்துச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வதும் உண்டு. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரச் சுகாதார அதிகாரி சார்லஸ் சாப்பின், தொற்று பொருள்களால் அவ்வளவாகப் பரவுவதில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்கே நேராகப் பரவுகிறது என்று வாதிட்டு, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே தம் ஊரில் தொண்டை அடைப்பானுக்கும் செங்காய்ச்சலுக்கும் பிந்தைய புகைபோடுதலை நிறுத்தினார். நோய் அதனால் பெருகவில்லை. இங்கிலாந்து மாவட்டங்கள் இதை விடுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின. கந்தக நெடி தெரு முழுக்க வீசினால்தான் மன்றம் ஏதோ செய்கிறது என்று வரி கட்டுபவருக்குத் தெரியும்.

தொண்டை அடைப்பானில் மட்டும் ஏன் நிலைமை தெளிவாக முன்னேறியது?

ஏனென்றால் அங்கே உண்மையான மருந்து ஒன்று இருந்தது. 1884-இல் லோஃப்லர் அந்நோயின் கிருமியைப் பிரித்தெடுத்தார். 1890-இல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் நச்சுமுறிப்பானைக் காட்டினார்கள். குதிரையின் இரத்த நீரிலிருந்து எடுத்த அந்த மருந்தின் பலனை 1894-இல் பாரிஸின் ரூ அறிவித்ததும் ஐரோப்பா முழுவதும் பரவியது. பெருநகரப் புகலிட வாரியத்தின் மருத்துவமனைகளில் அதற்கு முன் இந்நோயால் சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் இறந்துவந்தார்கள். 1910 வாக்கில் அது 10-க்கும் கீழே வந்துவிட்டது. லேசான நோயாளிகளும் ஆய்வக உதவியால் கணக்கில் சேர்ந்தது இந்த வீழ்ச்சியில் ஒரு பகுதி என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மருந்து கொடுத்த நாளை வைத்துப் பிரித்துப் பார்த்தால் ஐயத்துக்கு இடமில்லை: முதல் நாளே ஊசி போட்டவர்களில் சாவு மிக அரிது, ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் அது ஏறிக்கொண்டே போனது.

ஆகவே மாவட்டத்தின் வேலை நேரத்தோடு போட்டியிடுவதாயிற்று. மருத்துவர் தொண்டையில் பஞ்சு சுற்றிய கம்பியால் தடவி, கண்ணாடிக் குழாயில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். மறுநாள் விடை வரும். விவரம் தெரிந்த அதிகாரிகள் விடைக்காகக் காத்திருக்க வேண்டாம், ஐயம் இருந்தால் உடனே ஊசி போடுங்கள் என்று மருத்துவர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். மருந்தின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாதது. உள்ளாட்சி வாரியத்தின் 1910-ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகுதான் மாவட்டங்கள் ஏழைகளுக்காக அதை வாங்கித் தரத் தெளிவான அதிகாரம் கிடைத்தது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டதற்கும் இந்த ஆணைக்கும் இடையில் இருபது ஆண்டுகள்.

தடுப்பூசியின் கதை இன்னும் வருந்தத்தக்கது. யாருக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்று காட்டும் ஷிக் சோதனை 1913-இல் வந்தது. நியூயார்க் 1920-களிலேயே பள்ளிக் குழந்தைகளுக்குப் பெரிய அளவில் தடுப்பூசி போட்டது. இங்கிலாந்தில் நாடு தழுவிய இயக்கம் 1940-இல்தான் தொடங்கியது.

தட்டம்மை அறிவிப்புப் பட்டியலில் ஏன் இல்லை?

இது அறியாமையால் நேர்ந்ததன்று. அதிகாரிகள் பலமுறை எடைபோட்டு எடுத்த முடிவு. தட்டம்மை ஒருவருக்குத் தொற்றிப் பத்து நாள் அளவில் சளி, கண் சிவப்பு, காய்ச்சல் என்று தொடங்கும். உடலில் சிவந்த தடிப்பு தோன்றுவது அதன் பின் மூன்று நான்கு நாள் கழித்து. அந்தச் சளிப் பருவத்திலேயே அது மிகக் கடுமையாகப் பரவும். மருத்துவர் பார்த்துச் சான்றிதழ் எழுதும்போது வகுப்பில் பாதிப்பேருக்குத் தொற்றியிருக்கும். அதோடு பெரும்பாலான வீடுகள் இதற்கு மருத்துவரைக் கூப்பிடுவதே இல்லை. எல்லாக் குழந்தைக்கும் ஒருமுறை வந்து போகும் சமாச்சாரம் என்று விட்டுவிடுவார்கள். ஆயிரக்கணக்கான சான்றிதழ்களுக்குக் கட்டணம் கொடுத்து வாங்கி, பிறகு அவற்றை வைத்து என்ன செய்வது? அத்தனை பேருக்கும் படுக்கை கிடையாது. 1916 தொடக்கத்தில் நாடு முழுவதும் அறிவிப்பைக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். 1919 முடிவில் கைவிட்டார்கள்.

பரவலைத் தடுக்க முடியாது என்பது சரி. சாவைத் தடுக்க முடியாது என்று அதிலிருந்து முடிவுகட்டியதே பிழை என்பது என் எண்ணம். தட்டம்மை பெரும்பாலும் நுரையீரல் அழற்சியாக மாறிக் கொன்றது. அதிலும் ஒன்றிரண்டு வயதில் இருந்த, ஊட்டம் குறைந்த, நெரிசலான அறையில் கிடந்த குழந்தைகளை. ஐந்து வயதில் வரும் அதே நோய் பெரும்பாலும் ஆறிப்போகும். அப்படியானால் நோயைச் சில ஆண்டு தள்ளிப்போட்டாலே போதும், வந்தபின் இரண்டு வாரம் நல்ல பராமரிப்புக் கிடைத்தாலே போதும். 1916 விதிகளின் கீழ் சில மன்றங்கள் வீட்டுக்கே செவிலியரை அனுப்பத் தொடங்கியது இந்த எண்ணத்தில்தான். அறிவிப்பு போனபோது அந்த ஏற்பாட்டின் வேரும் பல இடங்களில் அறுந்தது.

பள்ளிகளை மூடினார்களா?

அடிக்கடி மூடினார்கள், பெரும்பாலும் காலம் கடந்து. சிறார் வகுப்பில் பாதிப்பேர் வராத நிலை வந்த பின்னரே மூட ஆணை வரும். பள்ளிக்கு வரும் அரசு மானியம் சராசரி வருகையைப் பொறுத்தது என்பதால் நிர்வாகிகளுக்கு இருதலைக் கொள்ளி: நோய்க் காலத்தில் திறந்து வைத்தால் சராசரி சரியும், எளிதில் மூடினால் பழிவரும். மூடிய பள்ளியின் குழந்தைகள் வீட்டுக்குள் அடங்கி இருக்கவுமில்லை. தெருவில் ஒன்றாகத்தான் விளையாடினார்கள். நன்கு சிந்தித்த அதிகாரிகள் பள்ளி முழுவதையும் மூடுவதை விட்டுவிட்டு, முதல் தட்டம்மைக் குழந்தை தெரிந்த நாளிலிருந்து கணக்கிட்டு, அடுத்த அலை வெடிக்கும் நாட்களில் நோய் இன்னும் வராத பிள்ளைகளை மட்டும் வீட்டில் நிறுத்தும் முறைக்கு மாறினார்கள். அதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தெந்த நோய் வந்துபோயிற்று என்ற பதிவேடு வேண்டும். அதைப் பராமரித்தவர்கள் வகுப்பாசிரியைகள்.

பள்ளிகளில் தொற்று எளிதில் பரவியதற்கு மிக இளம் குழந்தைகள் அங்கே இருந்ததும் ஒரு காரணம். 1900 வாக்கில் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் பள்ளிச் சிறார் வகுப்புகளில் இருந்தார்கள். 1905 முதல் கல்வி அமைப்புகள் ஐந்து வயதுக்குட்பட்டோரைச் சேர்க்க மறுக்கலாம் என்றாயிற்று. 1907-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. பல மாவட்டங்களில் சுகாதார அதிகாரியே பள்ளி மருத்துவ அதிகாரியுமாகி, வீட்டுக் கோப்பும் பள்ளிக் கோப்பும் ஒரே கைக்கு வந்தன.

கக்குவான் இருமலுக்கு என்ன செய்தார்கள்?

ஏறக்குறைய ஒன்றுமில்லை. 1906-இல் போர்டேவும் ழெங்கூவும் அதன் கிருமியைக் கண்டறிந்தார்கள் என்றாலும் நடைமுறையில் எதுவும் மாறவில்லை. துண்டறிக்கை அச்சிட்டார்கள், இருமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினார்கள்.

பெரியம்மைத் தடுப்பும் இதே அதிகாரியின் கையில் இருந்ததா?

இல்லை, அதுதான் விந்தை. அம்மை குத்துவது ஏழைகள் நலச் சட்டத்தின் கீழ் இயங்கிய காப்பாளர் குழுக்களின் பொறுப்பு; நோயைக் கண்டறிந்து தனிமைப்படுத்துவது மாவட்டத்தின் பொறுப்பு. 1853 முதல் கைக்குழந்தைகளுக்குக் கட்டாயமாக இருந்த அம்மைக் குத்தலிலிருந்து மனச்சான்றின் பேரில் விலக்குப் பெற 1898-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. 1907-இல் ஓர் எளிய உறுதிமொழியே போதும் என்றானது. 1901–02-இல் லண்டனில் பரவிய பெரியம்மைதான் தலைநகர் கண்ட கடைசிப் பெரும் அலை. அதன்பின் நோயாளியைத் தனிமைப்படுத்தி, அவரோடு பழகியவர்களைத் தேடிக் கண்காணிக்கும் முறையே முன்னுக்கு வந்தது.

பால் மூலம் தொற்று பரவியதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

தெருப் பட்டியலையும் பால்காரர் பட்டியலையும் ஒப்பிட்டு. ஒரே வாரத்தில் நோய் கண்ட வீடுகள் ஊரெங்கும் சிதறியிருந்தும், எல்லாம் ஒரே கடையில் பால் வாங்குபவையாக இருந்தால் காரணம் தெரிந்துவிடும். 1885-இல் ஹெண்டன் பண்ணை ஒன்றின் பாலோடு லண்டனின் செங்காய்ச்சல் அலையை இணைத்துக் காட்டிய, அரசு மருத்துவ ஆய்வாளர் பவரின் ஆய்வு இதற்குப் பெயர்பெற்றது. மாட்டின் மடிப்புண்ணிலிருந்து நோய் வந்தது என்ற அவரது விளக்கத்தைப் பலர் மறுத்தார்கள், பால்தான் சுமந்துவந்தது என்பதை மறுக்க முடியவில்லை. பால் எங்கிருந்து வருகிறது என்ற பட்டியலை வணிகரிடம் கேட்டுப் பெறும் அதிகாரமும் பின்னர் கிடைத்தது. சிக்கல் என்னவென்றால் பண்ணை வேறு மாவட்டத்தில் இருக்கும். அங்குள்ள மன்றத்தில் விவசாயிகளின் குரலே ஓங்கியிருக்கும்.

கோடை வயிற்றுப்போக்கை ஏன் இவ்வளவு முக்கியமாகப் பேசுகிறார்கள்?

ஒரு வயதுக்குட்பட்டோரின் சாவு எண்ணிக்கையை அந்தந்த ஆண்டின் வெயிலே ஆட்டிவைத்தது என்பதால். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 1899-இல் 163 பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். 1910-இல் அது 105 ஆகக் குறைந்திருந்தது. கடும் வெயில் அடித்த 1911-இல் மறுபடி 130 ஆக ஏறியது. எட்வர்ட் பல்லார்ட் என்ற அரசு மருத்துவ ஆய்வாளர் 1880-களில் ஓர் ஒழுங்கைக் கண்டிருந்தார்: நிலத்துக்கு நான்கு அடி ஆழத்தில் வைத்த வெப்பமானி 56 பாரன்ஹீட் டிகிரியைத் தொட்ட பிறகே கோடைச் சாவுகள் பெருகத் தொடங்கும். மண்ணிலிருந்து ஏதோ எழுகிறது என்று அவர் எண்ணினார். அடுத்த தலைமுறை அதிகாரிகள் கண்ணெதிரே பறந்த ஈயைப் பார்த்தார்கள். மான்செஸ்டரின் ஜேம்ஸ் நிவன் ஈக்களைப் பிடித்து எண்ணி, அவற்றின் பெருக்கமும் சாவுகளின் பெருக்கமும் எப்படி ஒன்றையொன்று தொடர்கின்றன என்று வரைபடம் போட்டார். குதிரைகளால் இயங்கிய நகரில் ஒவ்வொரு லாயத்தின் சாணக் குவியலும் ஈப்பண்ணை. தண்ணீர் இல்லாத வாளிக் கழிப்பறைகள் மற்றொன்று.

இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் இல்லாமல் வளர்ந்த குழந்தைகள். அவர்களுக்குப் பால் கொடுத்த புட்டியைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்: தட்டையான கண்ணாடிக் குப்பி, தக்கையின் வழியே ஒரு முழத்துக்குக் குறையாத ரப்பர்க் குழாய், நுனியில் காம்பு. குப்பியைத் தொட்டிலில் பக்கத்தில் வைத்துவிட்டுத் தாய் வேலையைப் பார்க்கலாம். குழாயின் உட்புறத்தை எந்தத் தூரிகையாலும் கழுவ முடியாது. புளித்த பால் உள்ளே படிந்தபடி இருக்கும். பிரான்ஸ் 1910-இல் இந்தப் புட்டியைச் சட்டத்தால் தடைசெய்தது. இங்கிலாந்து அறிவுரையோடு நின்றது. பால் வாங்க முடியாதவர்கள் கொழுப்பெடுத்த, சர்க்கரை சேர்த்த கெட்டிப்பால் டப்பாவை வாங்கினார்கள். திறந்த டப்பா மேசையில் ஈ மொய்க்கக் கிடந்தது. உணவை மூடி வைக்க அலமாரியோ குளிர்ந்த இடமோ அந்த வீடுகளில் கிடையாது என்பதை மறந்துவிட்டு எழுதப்பட்ட துண்டறிக்கைகள் ஏராளம்.

செயின்ட் ஹெலன்ஸ் நகரம் 1899-இல் பிரான்ஸின் ஃபெக்காம் ஊரைப் பின்பற்றிப் பிரிட்டனின் முதல் குழந்தைப் பால் நிலையத்தைத் திறந்தது: ஒருமுறை கொடுக்கும் அளவில் கொதிக்கவைத்து அடைத்த புட்டிகள். லிவர்பூல், பேட்டர்சீ போன்றவை தொடர்ந்தன. செலவு அதிகம், பயன்பெற்றவர்கள் சிலரே என்பதால் இந்த நிலையங்கள் மெல்ல மெல்ல மங்கின.

வீடுதேடி வந்த சுகாதாரப் பெண் பணியாளர்கள் என்ன செய்தார்கள்?

ஹடர்ஸ்ஃபீல்டு நகர மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட், லாங்வுட் பகுதியில் தம் பதவிக்காலத்தில் பிறந்து ஓராண்டு நிறைவு செய்யும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பவுண்டு தருவதாக 1904-இல் அறிவித்தார். அதன் தொடர்ச்சியாக அந்நகரம் 1906-இல் தனிச் சட்டம் பெற்று, பிறப்பை 48 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது. 1907-இல் நாட்டுக்கே ஒரு பிறப்பு அறிவிப்புச் சட்டம் வந்தது: 36 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், ஆனால் மன்றம் ஏற்றால்தான் செல்லும். 1915-இல் எங்கும் கட்டாயமானது.

இதன் பயன் எளிது. வழக்கமான பிறப்புப் பதிவுக்கு ஆறு வாரம் அவகாசம் இருந்தது. அதற்குள் புட்டியோ தாய்ப்பாலோ முடிவாகியிருக்கும். இப்போது முதல் வாரத்திலேயே ஒருவர் கதவைத் தட்ட முடிந்தது. வந்தவர்களைத் தாய்மார் எப்போதும் வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. பிள்ளை பெறாத இளம்பெண் வந்து ஆறு பிள்ளை பெற்றவளுக்குப் பாடம் நடத்துவதா என்ற எரிச்சல் இருக்கத்தான் செய்தது. ஆனால் மறுபடி மறுபடி வந்து, எடை பார்த்து, கசியும் கூரையைப் பற்றி ஆய்வாளருக்கு எழுதிப்போட்டுச் செய்துமுடித்தவர்களைத் தெரு ஏற்றுக்கொண்டது. பழைய அமைப்பு நோய் வந்த பின் வந்தது; இவர்கள் நோய் வருமுன் வந்தார்கள். தட்டம்மையையும் கக்குவானையும் வயிற்றுப்போக்கையும் எட்டக்கூடிய ஒரே கருவி மாவட்டத்திடம் இதுவாகத்தான் இருந்தது, அதற்கு ஒதுக்கிய தொகையோ காய்ச்சல் மருத்துவமனைச் செலவோடு ஒப்பிட்டால் அற்பம்.

இந்த அதிகாரிகளின் ஆண்டறிக்கைகளை இன்று படிப்பவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

லண்டன் பகுதி அறிக்கைகள் பெருமளவில் எண்மமாக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் முதலில் வரும் விகிதங்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்தாண்டுக்கு ஒருமுறைதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இடையிலுள்ள ஆண்டுகளுக்கு மதிப்பீடு மட்டுமே. வீடு கட்டும் வேகம் திடீரென மாறும் புறநகரில் அந்த மதிப்பீடு வெகுவாகத் தவறும். 1901 அல்லது 1911 கணக்கு வந்ததும் முந்தைய ஆண்டுகளின் விகிதங்களை அதிகாரியே திருத்தியிருப்பார்.

அடுத்து, வெளியூர் மருத்துவமனையில் இறந்த உள்ளூர்க் குழந்தைகள் கணக்கில் சேர்க்கப்பட்டார்களா என்று பார்க்க வேண்டும். மாவட்டத்துக்குள் பெரிய மருத்துவமனை இருந்தால் பிற ஊராரின் சாவுகளும் கலந்திருக்கலாம். ஏழு நோய்களைக் கூட்டித் தரும் தொற்றுநோய்ச் சாவு விகிதம் என்று ஒன்று வரும். அதில் வயிற்றுப்போக்கும் அடங்கும் என்பதால் குளிர்ந்த கோடை ஒன்று வந்தாலே அது அழகாகக் குறைந்துவிடும், மன்றமும் தன்னைப் பாராட்டிக்கொள்ளும். ஆண்டை ஆண்டோடு ஒப்பிடாமல் ஐந்தாண்டுச் சராசரிகளை ஒப்பிடுவது பாதுகாப்பானது. வயிற்றுப்போக்கு, குடலழற்சி என்று இறப்புக் காரணத்தின் பெயர் மாறிமாறி எழுதப்பட்டிருப்பதால் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.